லாரி நிற்கும் நேரத்துக்கு என்ன விலை?

2017 வரை தமிழ்நாட்டு லாரி டிரைவர்களிடம் வாளையாறு என்று சொன்னாலே முகம் சுருங்கும். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் வழியில், எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடியில் பில்லைக் காட்டி, முத்திரை வாங்கி, வண்டியை எடுப்பதற்குள் மணிக்கணக்கில் ஆகிவிடும். நெரிசலான நாட்களில் பகல் பொழுதே அங்கே போய்விடும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஆர்டிஓ சாவடிகள் தொடர்ந்தன என்றாலும், பில்லுக்காக நிற்கும் நீண்ட வரிசை காணாமல் போனது. அங்குலம்கூடப் புதுச் சாலை போடவில்லை, யாரும் வண்டியை வேகமாக ஓட்டவும் இல்லை. ஆனாலும் ஒரு டிரிப்பில் பல மணி நேரம் மிச்சமானது.

அந்த மிச்சத்துக்கு ரூபாயில் என்ன மதிப்பு? நெடுஞ்சாலை, மேம்பாலம், சரக்கு ரயில் பாதை, துறைமுக இணைப்பு என எந்தத் திட்டத்துக்கும் அரசு பணம் ஒதுக்குவதற்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரு விடை எழுதப்படுகிறது. திட்டத்தால் மிச்சமாகும் நேரத்தை மணிக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கி, பலன் பக்கத்தில் சேர்ப்பார்கள். போட்ட பணத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மொத்தப் பொருளாதார வருவாய் 12 சதவீதத்தைத் தாண்டினால் திட்டம் தேறும் என்பது இந்தியாவில் நீண்ட நாள் வழக்கம். தேறுமா தேறாதா என்பதைப் பல சமயம் அந்த மணிக்கணக்கின் விலைதான் முடிவு செய்கிறது. விலை போடுவதில் தவறினால், பணம் தவறான இடத்துக்குப் போகும்.

சரக்கு விஷயத்தில் நாம் வண்டி ஓடும் நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. உண்மையான பணம் வண்டி நிற்கும் நேரத்திலும், சரக்கு எப்போது வந்து சேரும் என்று தெரியாத நிலையிலும்தான் கரைகிறது.

பயணிகள் விஷயத்தில் கணக்கு ஓரளவு சுலபம். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதிப்பார், அலுவல் பயணமா சொந்தப் பயணமா என்று பார்த்து ஒரு தொகை போடலாம். தக்காளிப் பெட்டிக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே சரக்கு தாமதமானால் யாருக்கு நஷ்டம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வண்டிக்காரருக்கு ஒரு நஷ்டம், சரக்குக்காரருக்கு வேறொரு நஷ்டம். இரண்டும் வேறு வேறு விதமாக வளர்பவை.

முதலில் வண்டிக்காரர். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு லோடு அடிக்கும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 2,500 கி.மீ. கணக்குக்காக எளிய எண்களாகவே வைத்துக்கொள்ளலாம். ஃபைனான்ஸ் டியூ, இன்சூரன்ஸ், பர்மிட், வரி, டிரைவர் சம்பளம் என்று வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் 1,20,000 ரூபாய் செலவு. வாடகையில் டீசல், டோல், பேட்டா எல்லாம் போக ஒரு டிரிப்புக்குக் கையில் நிற்பது 50,000. லோடு ஏற்றி, இறக்கி, ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருந்து திரும்பி வர 12 நாள் ஆனால், மாதத்துக்கு இரண்டரை டிரிப். வரவு 1,25,000, மிச்சம் 5,000. அதே டிரிப் 10 நாளில் முடிந்தால் மாதம் மூன்று டிரிப். வரவு 1,50,000, மிச்சம் 30,000. நேரம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, லாபம் ஆறு மடங்கானது. லாரித் தொழிலில் நேரத்தின் விலை இந்தக் கடைசி அரை டிரிப்பில்தான் இருக்கிறது. மாதத்தின் முதல் 24 நாள் உழைப்பு டியூவுக்கும் இன்சூரன்சுக்கும் போய்விடுகிறது. அதற்கு மேல் வருவதுதான் குடும்பத்துக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நேரம் சொட்டுச் சொட்டாக மிச்சமாகும், பலனோ டிரிப் கணக்கில் மொத்தமாகத்தான் வரும். விடியற்காலை 4.20-க்குச் சேர வேண்டிய வண்டி 4 மணிக்கே சேர்ந்துவிட்டது, குடோன் திறப்பது 9 மணிக்கு என்றால் அந்த 20 நிமிடத்தால் டிரைவருக்குக் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும், அவ்வளவுதான். இதை வைத்து, சின்னச் சின்ன நேர மிச்சங்களுக்கு மதிப்பே போடக் கூடாது என்று வாதிடும் பொருளாதார நிபுணர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் பதில், வேறொரு லாரி 10 நிமிடத்தில் கேட் மூடும் நேரத்தைத் தவறவிட்டு மறுநாள் வரை கிடந்திருக்கும், அதே 20 நிமிடம் அந்த வண்டிக்கு ஒரு முழு நாள் என்பது. ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் பூஜ்யமும் முழு நாளும் கலந்து சராசரி சரியாகத்தான் வரும். எனக்கு இந்தப் பதில் ஏற்புடையது. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது: மிச்சமான நேரத்தை அடுத்த வரிசை விழுங்கிவிடக் கூடாது.

ஃபாஸ்டேக் இதற்கு நல்ல உதாரணம். டோல்கேட்டில் ஒரு வண்டி காத்திருக்கும் நேரம் 2018-19-இல் சராசரியாக 8 நிமிடமாக இருந்தது, ஃபாஸ்டேக் வந்தபின் 47 விநாடியாகக் குறைந்தது என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்கிறது. ஒரு டோலுக்கு ஏழு நிமிடம் என்பது சின்ன விஷயம்தான். டெல்லி வழியில் 25 டோல்கேட் என்று வைத்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதோடு, ஊர்ந்து ஊர்ந்து முதல் கியரில் எரியும் டீசலும் மிச்சம். டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனமும் கொல்கத்தா ஐஐஎம்மும் சேர்ந்து 2014-15-இல் செய்த ஆய்வு, சாலைத் தாமதங்களால் நாட்டுக்கு ஆண்டுக்கு 660 கோடி டாலர் இழப்பு என்றது. அந்தத் தாமதங்களால் கூடுதலாக எரியும் எரிபொருளுக்கு அது போட்ட கணக்கு 1,470 கோடி டாலர். நேரத்தின் விலையை விட, நேரம் போகும்போது சேர்ந்து எரியும் டீசலின் விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

இனி சரக்குக்காரர் பக்கம். பாடப் புத்தகம் இங்கே முதலில் வட்டியைக் காட்டும். சரக்கு வழியில் கிடக்கும் வரை அதில் போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது அல்லவா? ஆண்டுக்கு 12 சதவீதம் என்று போட்டுப் பார்ப்போம். 25 டன் சிமென்ட், அதாவது 500 மூட்டை, 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு. ஒரு நாள் வட்டி 66 ரூபாய். மணிக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. 40 லட்சம் ரூபாய்க்கு நூல் ஏற்றிய லாரி என்றால் மணிக்கு 55 ரூபாய். 10 கோடிக்குச் செல்போன் ஏற்றினால் மணிக்கு 1,370. வட்டியை மட்டும் பார்த்தால், சிமென்ட் லாரியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம் என்றே தோன்றும்.

வட்டி எவ்வளவு சின்னப் பங்கு என்பது சூயஸ் கால்வாய் விவகாரத்தில் தெரிந்தது. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி, ஆறு நாள் பாதை அடைபட்டது. நாளொன்றுக்கு 960 கோடி டாலர் சரக்கு தடைபட்டதாகக் கப்பல் துறைச் செய்தி இதழான லாயிட்ஸ் லிஸ்ட் கணித்தது. அந்த எண்ணையே 'ஒரு நாள் நஷ்டம்' என்று பலரும் எழுதினார்கள். அது தவறு. அது வழியில் நின்ற சரக்கின் மதிப்பு. சரக்கு அழியவில்லை, தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நம் ஊர் வட்டியான 12 சதவீதம் போட்டால்கூட, அவ்வளவு சரக்கும் ஒரு நாள் தாமதிப்பதற்கான வட்டி சுமார் 32 லட்சம் டாலர்தான். அப்படியானால் உலகமே ஏன் பதறியது? டேவிட் ஹம்மல்ஸ், ஜார்ஜ் ஷவுர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் எது கப்பலில் வருகிறது, எது கூடுதல் காசு கொடுத்து விமானத்தில் வருகிறது என்பதை வைத்து, ஒரு நாள் மிச்சத்துக்கு வியாபாரிகள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். சரக்கின் மதிப்பில் 0.6 முதல் 2.1 சதவீதம் வரை வந்தது, ஒரு நாளுக்கு. 960 கோடிக்கு அதைப் போட்டால் 5.8 கோடி முதல் 20 கோடி டாலர் வரை. வட்டிக் கணக்கைப் போல 18 மடங்கு முதல் 64 மடங்கு.

அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்.

ஒரு பகுதி, அழுகிப் போவதிலிருந்து. மதுரை மல்லியை விடியும் முன் மொட்டாகப் பறிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அது மலர்ந்துவிடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் பேசிய விலை உச்சிவேளைக்கு இருக்காது. வரத்து மிஞ்சினால் செண்ட் ஃபேக்டரிக்குக் குறைந்த விலையில் தள்ள வேண்டியதுதான். சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போகும் பூவுக்கு விமானம் கிளம்பும் நேரம்தான் கணக்கு. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் வந்த பெட்டிக்கு முழு விலை, பத்து நிமிடம் பிந்திய பெட்டிக்கு உள்ளூர் விலை. ஒட்டன்சத்திரத்திலிருந்து இரவில் கிளம்பும் காய்கறி வண்டிக்கும் அப்படித்தான். கேரளத்தில் சந்தை கூடும் நேரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். வாளையாறு போன்ற சாவடிகளில் கழிந்த நேரத்துக்கு விலை கொடுத்தவர் லாரிக்காரர் மட்டும் அல்ல. தாமதமும் சேதாரமும் இருக்கும் என்று முன்கூட்டியே கழித்துக்கொண்டு விலை சொல்லும் வியாபாரியிடம் சரக்கு போட்ட விவசாயியும்தான்.

இன்னொரு பகுதி, கெடு. திருப்பூர் பனியன் அழுகாது. ஆனால் தூத்துக்குடியில் கண்டெய்னரை ஒப்படைக்க வேண்டிய நேரம் தவறினால் அந்தக் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் சில நாட்கள் கழித்துத்தான். வெளிநாட்டு பையர் சொன்ன தேதியைத் தாண்டினால் இரண்டே வழி. விலையில் தள்ளுபடி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். கப்பல் கூலியைப் போலப் பல மடங்கு விமானக் கூலி. சட்டை ஒன்றுக்குக் கிடைக்கும் லாபம் அதில் நிற்காது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை நீண்டது. திருப்பூருக்கு அது கூலி உயர்வாக மட்டும் வரவில்லை. தையலுக்குக் கிடைத்த நாட்கள் குறைந்தன.

விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2025 மார்ச், ஏப்ரலில் அமெரிக்க இறக்குமதி வரி உயரப்போகிறது என்று தெரிந்ததும், ஆப்பிள் நிறுவனம் சென்னை விமான நிலையத்திலிருந்து சுமார் 600 டன் ஐபோன்களைத் தனிச் சரக்கு விமானங்களில் அனுப்பியதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதற்காகச் சுங்கச் சோதனை நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டது என்றும் அதே செய்தி சொன்னது. வட்டிக் கணக்கில் அந்த 24 மணி நேரம் சில்லறை. வரி அமலாகும் தேதிக்கு முன்னால் அதன் விலை வேறு. விமானம் பறக்கும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, கவுண்டரில் நின்ற நேரம் குறைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மிகப் பெரிய பகுதி என்று நான் நினைப்பது நிச்சயமின்மை. புனே பக்கம் சாக்கனிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு உதிரிபாகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக மூன்று நாள். சில சமயம் ஐந்து நாள். அசெம்பிளி லைன் ஒரு நிமிடம் நிற்கக் கூடாது. ஆகவே தொழிற்சாலை ஐந்து நாளுக்கு ஏற்றபடிதான் ஸ்டாக் வைக்கும். நாளுக்கு 20 லட்சம் ரூபாய்ப் பாகங்கள் தேவை என்றால், அந்த இரண்டு நாள் சந்தேகத்துக்காக 40 லட்சம் எப்போதும் குடோனில் முடங்கிக் கிடக்கும். ஆண்டு வட்டி 4,80,000. குடோன் வாடகை, ஆள் கூலி, இன்சூரன்ஸ் தனி. இந்த நிறுவனத்திடம் போய், எல்லா வண்டியும் சரியாக நான்கு நாளில் வரும் என்று உத்தரவாதம் கொடுத்தால் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும். வழக்கமாக மூன்று நாளாக இருந்து, ஐந்தும் ஆகலாம் என்பதை விட அது மேல். அதாவது, மெதுவாக ஆனால் நிச்சயமாக வரும் வண்டிக்கு, வேகமான ஆனால் நம்ப முடியாத வண்டியை விட மதிப்பு அதிகம். நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் சரக்கு அனுப்புபவர்களிடம் 'இந்த வாடகைக்கு இத்தனை மணி நேரத்தில், நூற்றுக்கு இத்தனை முறை சரியாக வரும், அந்த வாடகைக்கு அப்படி, எது வேண்டும்?' என்று வரிசையாகக் கேட்டு, வேகத்துக்கு ஒரு விலையும் நம்பகத்துக்குத் தனியே ஒரு விலையும் கண்டுபிடிக்கிறார்கள். இந்தியாவிலும் சாலைத் திட்டங்களைப் பொருளாதார ரீதியில் மதிப்பிட இந்திய சாலைக் காங்கிரஸின் எஸ்பி 30 என்ற கையேடு இருக்கிறது. ஆனால் நடைமுறையில் திட்டங்களைச் சுற்றிய பேச்சு இத்தனை நிமிடம் குறையும் என்ற சராசரியிலேயே நின்றுவிடுகிறது.

ரயிலுக்கு வருவோம். 2020 ஜூலையில் இந்திய ரயில்வேயின் சரக்கு ரயில்கள் மணிக்குச் சராசரியாக 45 கி.மீ. வேகத்தில் ஓடின. முந்தைய ஆண்டு அதே மாதம் அது 23 கி.மீ. பாதை அதே பாதை, எஞ்சின் அதே எஞ்சின். கொரோனாவால் பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் நின்றுபோயிருந்தன, அவ்வளவுதான். முன்பெல்லாம் சரக்கு ரயில் மெதுவாக ஓடியது என்பதை விட, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் நின்றுகொண்டிருந்தது என்பதே சரி. லூதியானா முதல் சோன்நகர் வரை 1,337 கி.மீ. கிழக்குத் தனிச் சரக்குப் பாதையும், மும்பைப் பக்கம் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தை நோக்கிய 1,506 கி.மீ. மேற்குப் பாதையும் போடப்பட்டதன் நியாயம் இதில் இருக்கிறது. யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பாதைகள் தரும் பெரிய பலன்.

லாரியும் இப்படித்தான். நம் நாட்டில் ஒரு லாரி நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 300 கி.மீ. ஓடுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஓடும்போது 40 கி.மீ. வேகம் என்றால் ஏழரை மணி நேரம். மீதி நேரத்தில் டிரைவரின் ஓய்வு போக மற்றது வரிசை, பேப்பர், லோடுக்கான காத்திருப்பு. சோதனைச்சாவடி, டோல் போன்ற நிறுத்தங்களின் தாமதத்தைப் பாதியாக்கினாலே சரக்குப் பயண நேரம் 20 முதல் 30 சதவீதமும், சரக்கு நகர்த்தும் செலவு 30 முதல் 40 சதவீதமும் குறையலாம் என்று உலக வங்கி 2014-இல் சொன்னது. எல்லைச் சாவடியும் டோல் வரிசையும் பெருமளவு தீர்ந்தபின் மிஞ்சியிருப்பது சரக்கு ஏறும் இடமும் இறங்கும் இடமும்.

சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2009-இல் அடிக்கல் நாட்டி, 2012-இல் நின்று, 2022 மே மாதம் இரண்டடுக்குப் பாலமாக மறுபடி அடிக்கல் நாட்டிய 20.6 கி.மீ. பாதை அது. நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் டிரெய்லர்கள் ஒதுங்கி நிற்கின்றன. பாலத்தின் பலனை, ஓடும் நேரத்தில் எத்தனை நிமிடம் குறையும் என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். பகலிலும் ஓட முடிந்தால் அதே டிரெய்லர் நாளுக்கு இன்னொரு நடை அடிக்கலாம். முழுப் பலன் அங்கே இருக்கிறது. ஆனால் துறைமுக கேட்டில் கண்டெய்னரை வாங்கும் வேகம் கூடாவிட்டால், பாலம் வண்டிகளைச் சீக்கிரமாகக் கொண்டுபோய் அதே வரிசையில் நிறுத்தும். பாலத்தையும் கேட்டையும் ஒரே திட்டமாகக் கணக்குப் போட வேண்டும்.

இத்தனை மதிப்புள்ள காத்திருப்பு ஏன் குறையவில்லை? காக்க வைப்பவருக்குச் செலவு இல்லை என்பதால்தான். தொழிற்சாலை கேட்டில் லாரி ஒரு நாள் நின்றால் ஹால்டிங் சார்ஜ் கொடுக்க வேண்டும் என்று பேச்சு இருக்கும். ஆனால் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஐந்து வண்டிக்குள் வைத்திருக்கும் சின்ன முதலாளிகள். ஹால்டிங் கேட்டால் அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவருக்கு நின்ற நாளுக்குக் காசு இல்லை. கையிலிருக்கும் பேட்டாவில்தான் சாப்பாடு. அவருடைய கூலி குறைவு என்பதால் திட்ட அறிக்கையிலும் அவர் நேரத்துக்குக் குறைந்த மதிப்பே போடப்படுகிறது. குறைந்த மதிப்பு போடுவதால் அவரைக் காக்க வைக்கும் ஏற்பாடு லாபகரமாகத் தெரிகிறது. இந்தச் சுழலை எந்த நெடுஞ்சாலையும் உடைக்காது.

1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என்று வைத்தது. அதில் வேலை நேரம் எது என்பதற்கான விளக்கத்தில், முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் வேலைக் கணக்கில் சேரும் என்று இருந்தது. ஒன்பது மணி நேரக் காத்திருப்பைப் பற்றி அந்த வரி பேசவில்லை. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் சட்டமே பொருந்தவில்லை. நாட்டின் பெரும்பாலான லாரிகள் இருப்பதோ அப்படிப்பட்ட கைகளில்.

அளப்பதற்கான வசதி இப்போது இருக்கிறது. லாரி எந்த டோலை எப்போது கடந்தது என்பது ஃபாஸ்டேக்கில் பதிவாகிறது. 2021 ஜனவரி முதல், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பதும் அதில் உண்டு. 2022 செப்டம்பரில் தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையோடு, இந்தத் தகவல்களை இணைக்கும் யூலிப் என்ற தளமும் வந்தது. விடுபட்டிருப்பது கேட் மட்டும்: வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள். இந்த இரண்டு நேரத்தையும் இ-வே பில்லில் பதிவது கட்டாயம் என்று ஒரு விதி போட்டால், ஹால்டிங் சார்ஜ் கேட்க லாரிக்காரர் வாதாட வேண்டியிருக்காது, தாளே பேசும். எந்தக் குடோன், எந்தத் துறைமுகம், எந்த ஆலை எத்தனை வண்டி நாட்களைத் தின்கிறது என்பது மாவட்ட வாரியாகத் தெரியும். அடுத்த நூறு கோடியைச் சாலையில் போடுவதா, கூடுதல் லோடிங் மேடையிலும் இரவு ஷிஃப்டிலும் போடுவதா என்பதை அதற்குப் பிறகு எண்களை வைத்தே பேசலாம்.